அமெரிக்கக் கட்சிகளில் அதிக வாக்கு வாங்கியவர்தான் அதிபர் வேட்பாளர் ஆவாரா?

நேரடியாக அப்படி இல்லை. வேட்பாளரை முடிவு செய்வது தேசிய மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகள். மாநிலங்களில் நடக்கும் பிரைமரி (வாக்குப்பதிவு முறையிலான முதற்கட்டத் தேர்தல்), காகஸ் (கட்சியினர் கூடி ஆதரவைத் தெரிவிக்கும் கூட்டம்) எல்லாம் அந்தப் பிரதிநிதிகளைப் பங்கிடத்தான். 2024இல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,429 பேர். 1,215 பேர் ஆதரித்தால் போதும்.

பங்கிடும் விதம்தான் பலரைக் குழப்புகிறது. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்தை எட்டாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. எட்டியவர்களுக்குள் மட்டும் விகிதாசாரம். 6 பிரதிநிதிகள் உள்ள ஒரு தொகுதியில் மூவர் 50, 36, 14 சதவீதம் வாங்கினால், மூன்றாமவர் கழிந்துவிடுவார். மீதி இருவரின் பங்கு 3.49, 2.51. முழு எண்படி 3, 2 போக, மிஞ்சும் ஓர் இடம் பின்னப் பகுதி பெரிதாக உள்ளவருக்கே என்பதால் ஆளுக்கு மூன்று! 14 புள்ளி முன்னிலை வீண். குடியரசுக் கட்சியிலோ சில மாநிலங்கள் முதலிடம் பெற்றவருக்கே அனைத்தையும் கொடுத்துவிடும். அதனால் எதிரணி வாக்கு சிதறினால், பாதிகூட எட்டாதவர் வேகமாக முன்னேறிவிடுவார்.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் மறுசுற்று. 1924இல் ஜனநாயகக் கட்சி 103 சுற்று வரை போனது. அக்கட்சியில் பதவிவழி வரும் ‘சூப்பர் பிரதிநிதிகள்’, 2018 விதித் திருத்தத்துக்குப் பின், இழுபறியான மாநாட்டில் இரண்டாம் சுற்றிலிருந்துதான் வாக்களிக்க முடியும்.

வென்றவர் இடையில் விலகினால்? 2024 ஜூலையில் பைடன் விலகியபோது மறுபடி பிரைமரி நடக்கவில்லை. பிரதிநிதிகளே இணையவழி வாக்களித்துக் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.