பாட்டி கொடுத்த மரவள்ளிக்கிழங்கு

கேள்வி: எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் தினமும் ஒரே சண்டை. நாட்டைப் பிடித்துக்கொண்டவனை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிறார் ஒருவர். ஆயுதம் தூக்கினாலே பயங்கரவாதி என்கிறார் இன்னொருவர். சட்டம் யார் பக்கம்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: இரண்டு பேருக்கும் தே தாரிக் காசை நானே கொடுத்துவிடுகிறேன். இருவருமே தோற்றுவிட்டார்கள்.

நானும் உங்கள் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அவனை எதிர்த்துச் சண்டை போட்ட 'பிந்தாங் தீகா' (மூன்று நட்சத்திரம்) ஆட்கள் ராத்திரியில் காட்டிலிருந்து வருவார்களாம். தொப்பியில் மூன்று சிவப்பு நட்சத்திரம். பாட்டி அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொடுப்பாராம். சங்கதி தெரிந்துபோன ஒரு நாள், விடிந்ததும் லயத்துச் சனம் மொத்தத்தையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வைத்து ஜப்பான்காரர்கள் அடித்திருக்கிறார்கள்.

அந்தத் தொப்பிக்கு வருவோம். ஆக்கிரமித்த மண்ணில் போராடும் அமைப்பினர் பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்தவேண்டும் என்கிறது 1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம். ஆனால் பொறுப்பான தலைவர் வேண்டும், தூரத்திலேயே தெரிகிற அடையாளம் வேண்டும், ஆயுதத்தை ஒளிக்கக்கூடாது, போர் விதிகளை மதிக்கவேண்டும். நட்சத்திரத் தொப்பிக்கு அப்போது இந்தப் பாதுகாப்பு எழுத்தில் இல்லை. இந்தப் பிரிவு வந்ததே போர் முடிந்த பிறகுதான்.

அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் மக்களின் போராட்டத்தை, ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறை சர்வதேசப் போர்க் கணக்கிலேயே சேர்த்தது. 1982-இல் ஐநா பொதுச்சபை, தீர்மானம் 37/43-இல், ஆயுதப் போராட்டம் உட்படக் கிடைக்கிற எல்லா வழியும் நியாயம் என்றது. உங்கள் முதல் நண்பர் இந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. பேருந்தில் போகிறவர்களைக் கொல்லலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பொதுமக்களைக் குறிவைப்பதும் பிணை பிடிப்பதும் யார் செய்தாலும் போர்க்குற்றம்தான். 'அவன்தானே முதலில் செய்தான்' என்ற சமாதானத்தையும் அதே நெறிமுறையின் 51-ஆம் பிரிவு ஏற்பதில்லை.

அப்புறம், பாட்டி. கிழங்கு கொடுத்ததால் அவர் போராளி ஆகிவிடவில்லை. அவரைச் சுட யாருக்கும் உரிமை கிடையாது. லயத்தையே அடித்தார்களே, அதற்குப் பெயர் கூட்டுத் தண்டனை. நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 33-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தரைப்போர் பற்றிய 1907 ஹேக் விதிகளின் 50-ஆம் பிரிவு அதற்கு முன்பே தடுத்திருந்தது, ஜப்பானும் அதை ஏற்ற நாடுதான். பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? யாரோ கிழங்கு கொடுத்ததால்தான் அடி விழுந்தது என்று மட்டும் தெரியும். கொடுத்தது தான்தான் என்று பாட்டி லயத்தில் கடைசிவரை மூச்சுவிடவில்லை.