பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வது யார்?

தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் மாணவர் மன்றம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்தல் தேவையா? வகுப்பாசிரியரே நல்ல பிள்ளையாகப் பார்த்து நியமித்தால் என்ன? (ஒரு தலைமை ஆசிரியை)

நியமித்தால் அந்தப் பிள்ளை ஆசிரியரின் ஆளாகிவிடும். நன்றாகப் படிக்கிற, சத்தம் போடாத பிள்ளைதான் பெரும்பாலும் ஆசிரியர் கண்ணில் படும். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் லீடர் வேலையும் அதே பிள்ளையிடம் இருந்தால் கேட்கவே வேண்டாம். போட்டுக்கொடுக்கிறவனிடம் யார் மனம்விட்டுக் குறை சொல்வார்கள்? லீடர் வேறு, மன்றப் பிரதிநிதி வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

வயதைப் பற்றித் தயங்க வேண்டாம். ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சொந்தமாக ஒரு கருத்து வைத்திருக்க முடிகிற எந்தக் குழந்தைக்கும் தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் அதைச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. இத்தனை வயதுக்கு மேல்தான் என்று அது வரம்பு கட்டவில்லை. அந்தக் கருத்துக்கு வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து மதிப்புக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது.

கேள்வி: கை தூக்கச் சொல்லித் தேர்தல் நடத்தினோம். விளையாட்டில் கெட்டிக்காரப் பையன்களே எல்லா வகுப்பிலும் ஜெயித்தார்கள். வேறு எப்படி நடத்துவது? (ஓர் ஆசிரியர்)

கை தூக்கியதில்தான் கோளாறு. பக்கத்துப் பிள்ளை கை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சின்னப் பிள்ளை கையைத் தூக்கும். வாக்கு ரகசியமாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்னாலேயே, “பிரதிநிதி என்ன வேலை செய்யணும்?” என்று வகுப்பில் கேளுங்கள். எல்லாரிடமும் கேட்கணும், மன்றத்தில் சொல்லணும், திரும்பி வந்து என்ன ஆச்சென்று சொல்லணும் என்று அவர்கள் வாயாலேயே வரும். அதைப் பலகையில் எழுதி, தேர்தல் முடியும்வரை அழிக்காதீர்கள். போட்டியிடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடப் பேச்சு போதும். மிட்டாய், அச்சடித்த போஸ்டர் இரண்டுக்கும் தடை.

ஏ4 தாளில் கால் பங்கு ஒரு வாக்குச்சீட்டுக்குச் சரியாக இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் இலை, மீன், சூரியன் என்று வேட்பாளரே தேர்ந்த சின்னம் இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தைவிட அதுதான் உதவும். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பேருக்குக் குறி போடலாம். ஏன் இரண்டு? 30 பேர் வகுப்பில் ஆறு பேர் நின்று, எல்லாரும் தன் கூட்டாளிக்கே போட்டால், எட்டு வாக்கில் ஒருவர் ஜெயித்துவிடுவார். மீதி 22 பேர் அவருக்குப் போடவே இல்லை. இரண்டாவது குறி இருந்தால், பலருக்கும் பிடித்த, ஆனால் யாருக்கும் நெருங்கிய கூட்டாளியாக இல்லாத பிள்ளை மேலே வரும்.

ஒருபக்கம் வெட்டிய அட்டைப்பெட்டியை மேசைமேல் நிறுத்தினால் மறைப்புத் தயார். முந்தின நாள் ஒத்திகை நடத்துங்கள். எந்த விளையாட்டு ஆடலாம் என்பதற்கே வாக்குப் போடச் சொன்னால் போதும். எல்லாச் சின்னத்துக்கும் குறி போடுகிற பிள்ளைகள் அப்போதே தெரிந்துவிடுவார்கள். கெட்டுப்போகும் சீட்டுக்காக ஐந்து உபரியாக வையுங்கள். வேறு வகுப்புப் பிள்ளைகள் இருவர், ஓர் ஆசிரியர் முன்னிலையில் எண்ணட்டும். வென்றவர் பெயரை மட்டும் அறிவியுங்கள். இதில் பிடிவாதமாக இருங்கள். “உனக்கு ஒரே ஓட்டுதான்” என்ற பேச்சு ஒரு பிள்ளையை அந்த ஆண்டு முழுவதும் விடாது.

வகுப்புக்கு இரண்டு இடம் வைத்தால், ஒன்றை வாக்கிலும் மற்றதை மீதி வேட்பாளர்களிடையே சீட்டுக் குலுக்கலிலும் நிரப்பலாம் என்பது எங்கள் பரிந்துரை. வாக்கில் ஒரு நாளும் ஜெயிக்காத அமைதியான பிள்ளை உள்ளே வர அதுதான் வழி. வாக்கில் பெண் வென்றால் குலுக்கலைப் பையன்களுக்குள் போடலாம். பையன் வென்றால் பெண்களுக்குள். பதவிக்காலம் அரையாண்டு. அதே பிள்ளை அடுத்த முறை நிற்கக் கூடாது.

கேள்வி: மன்றம் அமைத்து நான்கு மாதத்தில் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது. என்ன தவறு? (மன்றப் பொறுப்பாசிரியர்)

பதில் வராமல் போயிருக்கும். உங்கள் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, கேட்டவை எத்தனை, பதில் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ‘தலைமை ஆசிரியரிடம் தெரிவிக்கப்படும்’ என்ற வரியோடு பக்கங்கள் முடிந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம், 30 முதல் 40 நிமிடம், பாடவேளைக்குள். இடைவேளையில் வைத்தால், விளையாட்டை விட்டு வருகிற பிள்ளை மூன்றாம் முறை வராது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வகுப்பிலேயே 15 நிமிடம் வட்டமாக உட்கார வையுங்கள். ஒரு பந்தைக் கைமாற்றுங்கள். பந்து யார் கையிலோ அவர் மட்டும் பேசலாம், விருப்பமில்லாதவர் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். மன்றத்தில் ஒரு நாளைக்கு மூன்று விஷயத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அதில் முதலாவது எப்போதும் சென்ற கூட்டத்துக் கோரிக்கைகளின் பதில்.

பதில் மூன்று வகை. சரி, இந்தத் தேதிக்குள் நடக்கும். முடியாது, காரணம் இது. இன்னும் விசாரிக்க வேண்டும், விசாரிப்பவர் இவர். ‘பார்க்கலாம்’ என்பது பதில் ஆகாது. காரணத்தோடு சொல்லும் ‘முடியாது’வைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், மௌனத்தைத்தான் தாங்க மாட்டார்கள். பதிலைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பிரதிநிதி வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் கொடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிறகு மன்றத்தில் நடந்தது இரண்டு பேருக்குத் தெரியும், 28 பேருக்குத் தெரியாது.

நீங்கள் கேட்கிற விதத்தையும் கவனியுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிரதிநிதி, “பாத்ரூம் போகப் பயமா இருக்கு” என்கிறாள் என்று வையுங்கள். “பயப்படக் கூடாதும்மா” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. “உள்ளே போனதும் என்ன ஆகுது?” என்று கேட்டால், “தாழ்ப்பாள் எட்டல மிஸ். ஃபிரண்டு வெளியே கதவைப் பிடிச்சுக்கணும். அவ விட்டுட்டா திறந்துக்குது” என்று வரும். ஆறு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஏறத்தாழ 115 செ.மீ. பெரியவர் வசதிக்கு 160 செ.மீ. உயரத்தில் அடித்த தாழ்ப்பாள் எம்பினாலும் எட்டாது. 90 செ.மீ. உயரத்தில் இன்னொன்று அடித்தால் தீர்ந்தது. உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க முடிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சிறு தொகை ஒன்றையும் மன்றத்துக்கென்று ஒதுக்குங்கள். எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

கேள்வி: என் மகள் மன்ற உறுப்பினர். பேட்ஜ் குத்தி, விழாவில் விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்க வைப்பதோடு சரி. இது போதுமா? (ஒரு தாய்)

போதாது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகக் காட்டினார். அடியிலுள்ள மூன்று படிகள் பிள்ளைகளை ஆட்டிவைப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது. இவை மூன்றும் பங்கேற்பே ஆகாது என்றார். உங்கள் மகள் நிற்பது இரண்டாம் படியில். மன்றம் கேட்டு இந்த ஆண்டு மாறியது எது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பொறுமையாகக் கேளுங்கள்.

இதோடு ஒன்று. எந்த ஆசிரியர் மேலும், எந்தப் பிள்ளை மேலும் பெயர் சொல்லிப் புகார் சொல்லும் இடமாக மன்றம் இருக்கக் கூடாது. அடி, மிரட்டல், தொடுதல் போன்றவற்றை யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு பெரியவரைப் பள்ளி முன்கூட்டியே எல்லாப் பிள்ளைகளுக்கும் அடையாளம் காட்டியிருக்க வேண்டும். அவர் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. “உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்றால் போதும்.

கேள்வி: நான் மூணாம் வகுப்புப் பிரதிநிதி. மைதானத்தை எப்பவும் அஞ்சாம் வகுப்பு அண்ணன்களே பிடிச்சுக்கறாங்க. சொன்னா யாரும் கேக்கல. (ஒரு மாணவி)

‘எப்பவும்’ என்பதை முதலில் எண்ணிப் பார், கண்ணு. ஐந்து நாள் மதிய இடைவேளையில் எந்த வகுப்பு விளையாடியது என்று தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள். நீயே இன்னொரு வகுப்புப் பிரதிநிதியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அஞ்சாம் வகுப்புப் பிரதிநிதியிடம் போய், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேள். அப்புறம் மன்றத்தில் கட்டத்தைக் காட்டி, இரண்டு யோசனை சொல்: நாளுக்கு ஒரு வகுப்பு, அல்லது மைதானத்தைக் கோடு போட்டுப் பாதி பாதி. “நாலு வாரம் செஞ்சு பார்ப்போம், சரிவரலன்னா மாத்துவோம்” என்று கேட்டால் பெரியவர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள். எழுதிக் கொடு, தேதி போடு. எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று கேட்டு, அதையும் அதே தாளில் எழுதிக்கொள்.