ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கினால் சளி பிடிப்பது நிற்குமா?

நூற்பாலையில் முதல் ஷிப்ட் பார்க்கும் 34 வயது வாசகி கேட்கிறார்: "5 மணிக்கு மில் பஸ் வந்துவிடும், 4 மணிக்கே எழுந்து சமைக்கணும். படுக்க ராத்திரி 11 ஆகுது. மாசம் தவறாம சளி பிடிக்குது. ஞாயிறு நல்லா தூங்கிடறேன், அது போதாதா? எதிர்ப்பு சக்திக்கு மாத்திரை போடலாமா?"

போதாதும்மா. மாத்திரையும் அந்த இடத்தை நிரப்பாது. வைட்டமின் சி தினமும் போட்டாலும் நம்மைப் போன்றவர்களுக்கு சளி வரும் தடவை குறைவதில்லை, வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் விலகலாம், அவ்வளவுதான்.

தூக்கத்துக்கும் சளிக்கும் உள்ள தொடர்பை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வில் 164 பேரின் கையில் கருவி கட்டி ஒரு வாரம் தூக்கத்தை அளந்தார்கள், அப்புறம் எல்லோர் மூக்கிலும் சளி வைரஸைச் சொட்டு மருந்து போல விட்டு, ஒரே இடத்தில் தங்கவைத்துக் கவனித்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் மேல். மன அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. நீங்கள் தூங்குவது 5 மணி நேரம்.

முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்கி, வளர்ச்சி ஹார்மோன் ஏறும், புதுக் கிருமியை நம் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு நினைவில் வைக்க அந்த நேரம் தோதானது. அட்ரினலினும் அப்போது குறைவதால், கிருமி தொற்றிய அணுவை டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களால் இன்னும் இறுக்கமாகப் பிடிக்க முடிகிறது.

சரி, ஞாயிறு விஷயம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்களை ஆறு இரவுகள் வெறும் 4 மணி நேரம் தூங்கவிட்டு, இடையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். பிறகு ஒரு வாரம் இரவுக்கு 12 மணி நேரம் படுக்கவிட்டும்கூட, ஊசி போட்ட பத்தாவது நாளில் அவர்களுடைய எதிர்ப்புப் புரதம் நன்றாகத் தூங்கியவர்களுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் சமமானது. ஞாயிறு தூங்குவதை விட வேண்டாம், உடம்பு அதைக் கேட்கிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மும்போது அதை நம்பியிருக்க முடியாது.

எழும் நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது, அதனால் படுக்கும் நேரத்தைத்தான் முன்னே இழுக்க வேண்டும். 9.30க்குப் படுங்கள். 2 மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும் 4 மணிக்குள் முக்கால் மணி நேரம் தூங்குங்கள், அதன் பிறகு டீ, காபி வேண்டாம். ராத்திரிப் பாத்திரமும் காலைக்குக் காய் நறுக்குவதும் வீட்டில் இன்னொருவர் பொறுப்பாகட்டும், இந்தப் பதிலை அப்படியே அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். இது உங்கள் ஆரோக்கியம், கேட்டு வாங்க வேண்டிய உதவிதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலே இல்லாமல் தும்மல், மூக்கு அரிப்பு, தண்ணீராக ஒழுகுவது என்றால் அது சளியாகவே இல்லாமல், பஞ்சுத் தூசியால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். நீங்கள் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் பக்கம் வேலை பார்த்து, லீவு முடிந்து திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், அது பஞ்சு தூசி நுரையீரலைப் பாதிப்பதன் அடையாளம். டாக்டரிடம் போகும்போது "சளி" என்று மட்டும் சொல்லாமல், எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருஷமாக, எந்தக் கிழமை அதிகம் என்பதையும் சொல்லி, குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை எடுக்கலாமா என்று கேளுங்கள்.