பிக்-பிக் எப்படிப் பறக்கிறது? – கடிதம்

ஐயா,

மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் தமிழ் கற்பிக்கிறேன். ஆங்கிலப் பாடத்தில் 'ஃப்ளிட்' என்று ஒரு வினை. ஓரிடத்தில் நில்லாமல், சின்னச் சின்னதாய், வேகமாய்ப் பறப்பது. தமிழில் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். அகராதியில் உள்ள 'சிறகடி' ஒட்டவில்லை. புதுச்சொல் ஒன்று தருவீர்களா? ஸ்காட்லாந்தில் வீடு மாறுவதையும் இப்படித்தான் சொல்வார்களாமே, ஏன்?

அன்புள்ள டீச்சர்,

புதுச்சொல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 'சிறகடி' ஒட்டாது என்று கண்டுபிடித்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்திலும் சிறகடிக்கலாம்.

எங்கள் வீட்டு லெச்சி மரத்துக்குப் பிக்-பிக் குருவி கூட்டமாய் வரும். சாம்பல் நிறம், கட்டைவிரல் அளவு உடம்பு. ஒன்று வந்து உட்கார்ந்த கொப்பு வளைவதற்குள் அது அடுத்த கொப்பில் இருக்கும். இதைத் தமிழில் சொல்ல என்ன கஷ்டம்? 'விசுக் விசுக்கென்று பறக்குது.' ஆங்கிலம் அசைவின் சாயலை வினைக்குள்ளேயே அடைத்துவிடும். நாம் வினையைச் சும்மா விட்டு, சாயலை அதன் முன்னால் வைக்கிறோம். முகத்தில் சிரிப்பு ஃப்ளிட் ஆனால் 'மின்னி மறைந்தது'. நினைப்பு ஃப்ளிட் ஆனால் 'தாவித் தாவிப் போகிறது'. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் வேண்டும் என்று என்ன அடம்?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். 'பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி' என்று எழுதினால் மதிப்பெண் போடுகிறீர்கள். அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவு மொழி. அங்கேயும் சொல் இரட்டிக்கும், ஆனால் தலைகீழாக. 'ரூஸ்' சிவப்பு, 'ரூஸ்-ரூஸ்' லேசான சிவப்பு. 'மார்ஸ்-மார்ஸே' என்றால் சும்மா காலாற நடப்பது. இரட்டித்தால் அங்கே நீர்த்துப்போகிறது. நமக்கோ ஏறுகிறது: செக்கச்செவேல் என்றால் அப்படியொரு சிவப்பு. கிரியோல் காதோடு வருகிற பிள்ளை 'படபட' என்பதை ஏதோ மெல்லத் தட்டுவது என்று எடுத்துக்கொண்டால் அது யார் குற்றம்? இந்த வித்தியாசத்தை ஒரு நாளாவது வகுப்பில் வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். பாடத்திட்டத்தில் இல்லை, இல்லையா?

என் பாட்டிக்கு முழுத் தமிழ் வாக்கியம் வராது. மீன்காரனிடமும் கிரியோல், எங்களிடமும் கிரியோல். ஆனால் வராந்தாவில் நாங்கள் ஓடினால் கிரியோல் திட்டுக்கு நடுவில் ஒரு 'குடுகுடு' வந்து விழும். பொருள் கேட்டதே இல்லை. அவள் கையில் இருந்த கரண்டியின் வேகத்திலேயே புரிந்துவிடும். இலக்கணம் தெரியாமலே அவள் கொடுத்ததை, நீங்கள் இலக்கணமாக்கிப் பறிக்கிறீர்களே அம்மா. பிள்ளைகளை எழுப்பி ஓடவிட்டு, குதிக்கவிட்டு, அந்தந்த ஒலியைச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

ஸ்காட்லாந்து கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 'ஃப்ளிட்' என்ற சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தூக்கிக்கொண்டு போவது என்று பொருள். வாடகை பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டுவதையும் பிரிட்டனில் அதே சொல்லால்தான் சொல்வார்கள். பரீட்சைக்கு வராது, கவலைப்படாதீர்கள்.