"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்றால் என்ன செய்வது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியை நான். மனநலம் பற்றி ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள், பாதி நேரம் நோய்களின் பெயர்களிலேயே போய்விட்டது. போன வாரம் ஒரு மாணவி "வாழவே பிடிக்கல" என்று அழுதாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். நான் செய்தது சரியா?

பதில்: அவள் உங்களைத் தேடி வந்ததே பெரிய விஷயம். சத்தியம்தான் தவறு. "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும், ஆனா யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் சத்தியத்துக்கு இடமே இல்லை. 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

நோய்ப் பெயர்கள் தெரியாவிட்டால் பரவாயில்லை, கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. உங்களுக்கு வேண்டியது பேச்சுப் பழக்கம். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் மாணவியாக நடித்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். ஒரு நிமிடம் முடிவதற்குள் "அப்பா அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறாங்க" என்று ஆரம்பித்துவிடுவோம் (எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்). அதைக் கேட்டதும் அந்தப் பிள்ளைக்கு வாய் அடைத்துப்போகும். அறிவுரையை விழுங்கிக்கொண்டு, "எப்போ இருந்து இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுப் பழகுங்கள். அப்புறம், "செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, யாரோ கேட்டார்களே என்று பல பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறது.

ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்கு ஃபோனில் ஒப்பிக்காமல் அம்மாவையோ அப்பாவையோ நேரில் வரச் சொல்லுங்கள். ஆபத்தே வீட்டில்தான் என்றால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

சரி, இப்போது உங்கள் மாணவி. நீங்கள் எழுதியது போன வாரக் கதை, அதனால் நாளைக்குத் தள்ளாமல் இன்றைக்கே அவளைக் கூப்பிடுங்கள். "அன்னைக்கு அவசரத்துல சத்தியம் பண்ணிட்டேன், அதை என்னால காப்பாத்த முடியாதும்மா" என்று ஆரம்பியுங்கள். கோபப்படுவாள், படட்டும். "செத்துடலாம்னு தோணுதா?" என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.