டிட்டர்மினன்ட் என்றால் அணிக்கோவைதான்: முதலாம் ஆண்டு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாக முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். நானும் தமிழ்வழியில் படித்து வந்தவன்தான். இந்தப் பருவத்தில் சேர்ந்த மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாமே ஆங்கிலம். எனக்குப் பிடித்த கணக்குகூடப் புரியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறேன். (மாணவி, தருமபுரி மாவட்டம்)

அம்மா, கணக்கு உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு ஒரு மாணவி, நான் டிட்டர்மினன்ட் என்று சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் அருகே போய், "அணிக்கோவைதான் அம்மா" என்றேன். உடனே நோட்டைத் திருப்பி, மூன்றுக்கு மூன்று அணிக்கோவை ஒன்றை விரித்து விடையும் எழுதிக் காட்டினார். அன்று முதல் அவர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தி. இன்வர்ஸுக்கு எதிரே நேர்மாறு, டிஃபரன்சியேஷனுக்கு எதிரே வகையிடல், இன்டக்ரேஷனுக்கு எதிரே தொகையிடல். தீபாவளி விடுமுறைக்குள் நூறு சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

உங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை ஊரிலிருந்து வரவழையுங்கள். அதே புத்தகம் ஆங்கில வழிக்கும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதே அத்தியாயங்கள், அதே கணக்குகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் படியுங்கள். இதைவிட நல்ல அகராதியை யாரும் உங்களுக்கு வாங்கித் தர முடியாது.

நாளைக்கே முதல் வரிசைக்கு வந்துவிடுங்கள். சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்க வரட்டும் என்று காத்திருந்தால் பருவம் ஓடிவிடும். நான் அப்படித்தான் ஒரு பருவம் முழுக்க வாய் திறக்காமல் இருந்து, கணிதத்திலேயே அரியர் வைத்தேன். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தனி. அதற்கு விண்ணப்பித்துவிட்டீர்களா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 571 எடுத்தேன். முதல் இன்டர்னல் தேர்வில் 100க்கு 34. வீட்டில் சொல்லவே இல்லை. (மாணவர், ஈரோடு)

பள்ளியில் ஒரே புத்தகத்தை ஓராண்டு முழுக்கப் படித்து, திருப்புதல் தேர்வுகளும் எழுதினீர்கள். இங்கே ஐந்து அலகுகள் சில மாதங்களில் முடிந்துவிடும், திருப்புதலை நீங்களேதான் நடத்திக்கொள்ள வேண்டும். அன்று நடந்த கணக்கை அன்றிரவே, நோட்டைப் பார்க்காமல், ஒருமுறை போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய் எந்த வரியில் தவறியது என்று கேளுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள், தம்பி.

என் மகன் விடுதியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் இரவு போன் செய்து அழுகிறான். கூட்டி வந்துவிடலாமா? (ஒரு தாய், இராமநாதபுரம்)

அம்மா, உங்கள் மனம் படும் பாடு புரிகிறது. ஆனாலும் இப்போதே கூட்டி வர வேண்டாம். விடுதியில் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரைதான் பிள்ளைகளுக்கு மிகவும் கடினமான நேரம். வகுப்பு முடிந்து வெறும் அறைக்குத் திரும்பியதும், இந்நேரம் வீட்டில் விளக்கேற்றியிருப்பார்கள் என்று மனம் ஊருக்குப் போய்விடும். அந்த நேரத்தில் அவனை விளையாட்டுத் திடலுக்குப் போகச் சொல்லுங்கள், சும்மா வேடிக்கை பார்க்கவாவது. போன் பேசுவதை மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள். இரவில் பேசினால் அழுதுகொண்டே படுத்துவிடுவான். மதியம் பேசினால் மணி அடித்ததும் வகுப்புக்கு எழுந்து போயாக வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, பக்கத்துக் கட்டில் பையன் எந்த ஊர் என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் அவன் பேச்சில் தானாக வரத் தொடங்கினால் தேறிவிட்டான் என்று பொருள்.

சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போய், வகுப்புக்கும் போகாமல் அறையிலேயே கிடந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரே ஒருமுறை சொன்னாலும் அன்றே கிளம்பிப் போங்கள். போய்ச் சேரும்வரை வார்டனை அவனோடு இருக்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகரிடம் பேசலாம். கட்டணம் இல்லை.

சீனியர்கள் இரவில் அறைக்கு வரச் சொல்லி, அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை எழுத வைக்கிறார்கள். வெளியே சொன்னால் நான்கு ஆண்டும் நிம்மதியாக இருக்க முடியாது என்கிறார்கள். (ஊர் குறிப்பிட விரும்பாத மாணவர்)

இதுவும் பகடிவதைதான், அதாவது ராகிங். 1996இல் சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகாரைக் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைமையும் உடந்தையாகவே கருதப்படும். வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், அறை எண் எல்லாம் எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சொல்ல அச்சமாக இருந்தால் 1800-180-5522 என்ற பகடிவதைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். இன்றிரவு அந்த அறைக்குப் போகாதீர்கள்.

முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறேன். இதுவரை 50 நாளில் 34 நாள்தான் வகுப்புக்குப் போயிருக்கிறேன். இன்னும் 40 நாள் இருக்கிறது. 75 சதவீதம் வந்துவிடுமா? (மாணவர், மதுரை)

வரும். மொத்தம் 90 நாளில் 68 நாள் வேண்டும். மீதமுள்ள 40இல் 34 நாள் போயாக வேண்டும், 6 நாள்தான் விடலாம். இனி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, இந்த வாரமே கேளுங்கள். அந்த 6 நாளைக் காய்ச்சல் தலைவலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.