சருகு மூடிய பாதையில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. இலைகள் நிறம் மாறும் வாரத்தில் அவளை ஒரு மலைக் காட்சிமுனைக்கு நடத்தி அழைத்துப்போய் அன்றே திரும்ப ஆசை. போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். காலை பதினொரு மணிக்குக் கிளம்பினால் போதுமா, அம்மா?

பதில்: போதாது. எட்டு மணிக்கு ஏறத் தொடங்குங்கள்.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது ஏறக்குறைய மூன்றரை மணி. ஆனால் அது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. குழந்தையோடு போகிறீர்கள்; பாதியளவு கூட்டிக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு மணி நேரமாவது உட்காராமல் யாரும் இறங்குவதில்லை. ஆக, ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. பதினொன்றுக்குக் கிளம்பினால் மாலை ஐந்து ஆகிவிடும்.

இலையுதிர் காலத்தில் ஐந்து மணி என்பது கோடையின் ஐந்து மணி அல்ல. பகல் மிக வேகமாகக் குறைவது இந்தப் பருவத்தில்தான். 45 பாகை அட்சரேகையில் நாளுக்கு மூன்று நிமிடம் போல் குறையும். ஒரே மாதத்தில் ஒன்றரை மணி நேர வெளிச்சம் போய்விடும். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்தையும் நம்பாதீர்கள். மேற்கே ஒரு முகடு இருந்தால் சூரியன் முன்னதாகவே அதன் பின்னால் போய்விடும். மரங்களுக்கடியில் இன்னும் சீக்கிரம் இருட்டிவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. தம்பியும் நானும் நான்கு மணிக்குத்தான் காட்சிமுனையை அடைந்தோம். பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. எழுந்து வர மனமில்லை. இறங்கும்போது காட்டுக்குள் இருட்டு. இருவருக்கும் ஒரே டார்ச். முந்தைய நாள் மழையில் ஊறிய சருகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கடியில் ஒரு வேர், பட்டை உரிந்து வழவழவென்று. தம்பியின் கால் அதில் பட்டது. விழும்போது கையை ஊன்றினான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தான். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மீதி இரண்டு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது.

அதனால் உங்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். "பகல் ஒரு மணி அடித்தால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம்" என்று மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மலையில் வைத்துச் சொன்னால் அழுவாள், நீங்களும் இளகிவிடுவீர்கள். ஆளுக்கொரு நெற்றி விளக்கு, ஆளுக்கொரு விசில் இருக்கட்டும். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். இதை அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: கீழே வெயிலடிக்கிறது. மேலே போக கம்பளிச் சட்டை எதற்கு?

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும், அதன்மேல் காற்று வேறு. உடம்போடு ஒட்டும் சட்டை மட்டும் பருத்தியாக வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். உச்சியில் உட்கார்ந்ததும் நடுக்கம் எடுக்கும். கம்பளிச் சட்டையை ஏறும்போது பையில் வையுங்கள், நின்றவுடன் போடுங்கள்.

கேள்வி: ஒரே மலையில் ஒரு வருடம் சிவப்பு கொள்ளை அழகு, மறு வருடம் மங்கல். ஏன்?

பதில்: மஞ்சள் நிறமி கோடையிலும் இலைக்குள் இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்தால் சிவப்பு கூடும். மூட்டமாக இருந்தால் மங்கும். மரத்தின் வகையும் முக்கியம். எல்லா மரமும் சிவப்பதில்லை.

கேள்வி: உச்சி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் திரும்பியிருக்கிறீர்களா?

பதில்: திரும்பியிருக்கிறேன். தம்பியின் கை தேறி இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பாதை. காட்சிமுனையின் கம்பித் தடுப்பு தெரிந்தது. பத்து நிமிட ஏற்றம்தான் பாக்கி. கடிகாரம் ஒரு மணியைக் காட்டியது. நான் தயங்கினேன். தம்பி ஒன்றும் பேசாமல் திரும்பி இறங்கத் தொடங்கினான். வெளிச்சத்திலேயே வீடு வந்தோம்.

அடுத்த ஆண்டு காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கினோம். போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம், நமக்குக் கீழே, பால் ஊற்றி வைத்ததுபோல். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒரு மரத்தின் சிவப்பு உச்சி வெளியே வந்தது, பிறகு அதன் பக்கத்து மரம்.